அந்த மார்க்கைப் பற்றிக் கேட்டால்

கோவை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்ங்க. நான் ஈரோட்டில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பல் டாக்டரைப் பேசக் கூப்பிட்டால் பல் விளக்குவது, சொத்தைப் பல், ஈறு வீக்கம் என்றுதான் பேச்சுப் போகும். இன்றைக்கு அதை விட்டுவிட்டு வேறொன்று பேசட்டுமா என்று நிலையத்தாரிடம் நானே கேட்டு வாங்கினேன். காரணம், போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்த ஒரு போன்.

காங்கேயம் பக்கத்துப் பெண். இங்கே பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவில் மேலே படிக்க விண்ணப்பித்திருக்கிறாள், ஒரு கல்லூரியில் இருந்து நேர்காணலுக்கும் அழைப்பு வந்துவிட்டது. ஆனால் நுழைவுத் தேர்வில் மார்க் குறைவு. "அக்கா, அதைக் கேட்டா நான் என்னங்க்கா சொல்லட்டும்?" என்றாள். குரல் நடுங்கியது. அழைப்பு வந்த சந்தோஷமே அந்தக் குரலில் இல்லை.

எனக்கு அந்த நடுக்கம் நன்றாகவே தெரியும். நாம் வளர்ந்த விதம் அப்படி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று விடுதியோடு இருக்கிற பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கிறோம், மார்க் வாங்க வைக்கிறோம், ஆனால் அந்த மார்க்கைப் பற்றி நாலு வார்த்தை பேச யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை, அதற்குத் தேவையும் வருவதில்லை. இங்கே பல் மருத்துவத்துக்கு நீட்தான். 720க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள், தரவரிசை போடுவார்கள், கலந்தாய்வில் இடம் கிடைக்கும் அல்லது கிடைக்காது. ஏன் குறைந்தது என்று ஒருவரும் உட்காரவைத்துக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள்தான். "பொண்ணு எவ்வளவு மார்க்குங்க?" என்றதும் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். பக்கத்தில் நிற்கிற பிள்ளை அதைப் பார்த்து, மார்க் குறைந்தால் மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகள் கல்லூரிப் படிப்போடு டி.ஏ.டி. என்ற தேர்வை எழுதிவிட்டுத்தான் நாலு வருடப் பல் மருத்துவத்துக்குப் போகிறார்கள். உயிரியல், வேதியியல், வாசிப்பு, கணக்கு எல்லாம் உண்டு, அதோடு காகிதத்தை மடித்து ஓட்டை போட்டால் விரித்த பிறகு எங்கெங்கே ஓட்டை இருக்கும், எந்தக் கோணம் சிறியது என்றெல்லாம் கண்ணைச் சோதிக்கிற ஒரு பகுதியும் உண்டு. முன்பு 30க்குள் மார்க் வரும், 2025 மார்ச் முதல் 200லிருந்து 600 வரை என்று மாற்றிவிட்டார்கள். இங்கே பி.டி.எஸ். முடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வழி தனி. ஐ.என்.பி.டி.ஈ. என்று இரண்டு நாள், 500 கேள்வி. அதில் மார்க் கிடையாது, தேர்ச்சியா இல்லையா, அவ்வளவுதான். ஏடாட் என்று இன்னொரு தேர்வு 2016ல் வந்தது, சில கல்லூரிகள் அதையும் பார்த்தன. எந்த வழியில் போனாலும் கடைசியில் நேர்காணல் உண்டு. சில இடங்களில் கையில் கருவியைக் கொடுத்து மெழுகில் பல் செதுக்கச் சொல்லியும் பார்ப்பார்கள்.

நான் எழுதியது ஏடாட், 2018ல். கல்யாணமாகி அங்கே போய் ஒரு கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். 500ஐ நடுமட்டமாக வைத்து 200லிருந்து 800 வரை மார்க் போடுகிற தேர்வு அது. எனக்கு 430. மருத்துவ அறிவியல் பகுதி பரவாயில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துப் புள்ளிவிவரம் சரியா என்று சொல்ல வேண்டிய மூன்றாவது பகுதியில்தான் விழுந்தேன்.

முதல் நேர்காணலில் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். அதில் ஒரு அம்மா என் விண்ணப்பத்தைத் திருப்பி, அந்த எண்ணின் மேல் பேனா முனையை வைத்து, "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். தேர்வு புதிது, புத்தகம் கிடைக்கவில்லை, ராத்திரி எட்டு மணி வரை கிளினிக்கில் வேலை, அந்த வாரம் பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல். ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஏனென்றால் நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. மார்க் ஏன் குறைந்தது என்று கேட்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். குறைந்தது தெரிந்த பிறகு நீ என்ன செய்தாய் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. ஆகவே இந்தப் பதிலை நேர்காணலுக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து தயார் செய்ய முடியாது. பல மாதத்துக்கு முன்பே வேலையாகச் செய்திருக்க வேண்டும், அப்போதுதான் வாயில் வரும்.

அடுத்த ஒரு வருடம் புள்ளியியலை அடியிலிருந்து படித்தேன். வாரம் ஒரு கட்டுரை. அதோடு வேலை பார்த்த கிளினிக்கில் முதலாளி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நோட்டுப் போட்டேன். முதல் நாளே போன் செய்து ஞாபகப்படுத்தினால் நோயாளிகள் அடுத்த முறை தவறாமல் வருகிறார்களா, போன் செய்யாவிட்டால் எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்று ஆறு வாரம் குறித்தேன். பெயர் எழுதவில்லை, கோடு மட்டும்தான்.

இரண்டாவது நேர்காணல் வேறொரு கல்லூரியில். அதே கேள்வி. இந்த முறை சொன்னது இவ்வளவுதான்: "மூன்றாம் பகுதியில் மார்க் குறைந்துவிட்டது. புள்ளியியலை நான் எப்போதுமே தேர்வுக்கு முந்தின ராத்திரி புரட்டியே தேறியவள், அதே பழக்கத்தில் இதையும் எழுதினேன். அதன்பிறகு ஒரு வருடமாக முறையாகப் படிக்கிறேன். கிளினிக்கில் சின்னதாக ஒரு கணக்கெடுப்பும் செய்தேன்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது பெரிய கஷ்டம்ங்க. எதிரே இருப்பவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் பயந்துபோய் இன்னும் நாலு காரணம் சேர்ப்போம், அதில்தான் கெடும். அவர் கணக்கெடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாருக்குப் போன் செய்வது என்று எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டார். நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், அது தப்பு, பேசத் தெரிந்தவர்களுக்கே நான் போன் செய்திருக்கலாம், அதனால் அந்த முடிவை முழுசாக நம்ப முடியாது என்று சொன்னேன். பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேச்சு. 430 என்ற எண் அதற்குமேல் வரவே இல்லை. அங்கே இடம் கிடைத்தது.

பதில் நன்றாகச் சொன்னதால் மட்டும் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். மார்க் குறைவு என்பதாலேயே என்னைக் கூப்பிடாத கல்லூரிகள் நிறைய. ஆனால் கூப்பிட்ட கல்லூரி பெரும்பாலும் அந்த மார்க்கைப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டிருக்கிறது, இதைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் நேர்காணல் செய்பவருக்கே உங்கள் மார்க்கைக் காட்டியிருக்க மாட்டார்கள். அங்கே கேட்காதபோது நாமாகப் போய் அதை எடுத்துப் போட வேண்டியதில்லை.

என் கிளினிக்கில் தினம் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒரு பெரியவர், வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த வாய். வலிக்கிற பல்லைத்தான் காட்டுவார். பக்கத்தில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கும், அதை நாக்கால் மூடிக்கொள்வார், கண்ணாடியை நான் அந்தப் பக்கம் கொண்டுபோனால் நாக்கும் கூடவே வரும். "நாக்கைக் கொஞ்சம் அந்தப்பக்கம் வைங்க, அப்பிச்சி" என்று சொல்லிச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். அவர் மறைப்பதால்தான் என் கண் அங்கேயே போகிறது. எப்போது ஆட ஆரம்பித்தது, என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று மூன்று கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டால் நான் அடுத்த பல்லுக்குப் போய்விடுவேன்.

நிஜமாகவே வீட்டில் ஒரு சாவு, ஒரு நோய் என்று இருந்தால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், தப்பில்லை. அதை நீட்டி எதிரே இருப்பவரின் கண் கலங்கும்வரை கொண்டுபோகக் கூடாது. பயிற்சி மையம் சரியில்லை என்பது, இந்தத் தேர்வு என் திறமையை அளக்காது என்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் படிப்பில் சேர்ந்தால் இன்னும் எத்தனையோ தேர்வு எழுத வேண்டும், ஒவ்வொன்றையும் இப்படித்தான் சொல்வாயோ என்று அவர்களுக்குத் தோன்றும். திரும்ப எழுதி மார்க் ஏறியிருந்தால் அதுதான் முதல் சாட்சி, ஆனால் பழைய மார்க் மறைந்துவிடாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஐ.என்.பி.டி.ஈ. தேறியிருந்தால் சொல்லுங்கள். காகித மடிப்புப் பகுதியில் குறைந்த பிள்ளைக்குக் கை வேலை நன்றாக வரும் என்றால், எத்தனை பல் மெழுகில் செதுக்கினாய், முதலில் செதுக்கியதற்கும் கடைசியில் செதுக்கியதற்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லட்டும்.

அப்புறம், முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அம்மிச்சியிடமோ அப்பிச்சியிடமோ உட்கார்ந்து, மார்க் ஏன் குறைந்தது, என்ன செய்தேன் என்று சொல்லுங்கள். அவர்களுக்குப் புரிந்தால் விஷயம் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம், ஆங்கிலம் தானாக வரும். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒப்பித்தால் நடுவில் ஒரு வார்த்தை மறந்தாலும் எல்லாம் போய்விடும்.

அம்மா அப்பாமார்களுக்கும் ஒன்றுங்க. அந்தப் பிள்ளை ஒத்திகை பார்க்கும்போது "அதை ஏன் கண்ணு வெளியே சொல்லற?" என்று தடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

காங்கேயத்துப் பெண் நேற்று மறுபடியும் கூப்பிட்டாள். ஆறு மாதமாக ஒரு முகாமில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாளாம், இதையெல்லாம் சொல்லலாமா என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. சொல்லச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. முடித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள், நானும் பேசவில்லை. "இன்னும் ஏதாச்சும் சேர்க்கட்டுங்களாக்கா?" என்றாள். வேண்டாம் அம்மணி என்றேன். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு நேர்காணல்.

வணக்கம்ங்க.