நாவும் நாட்குறிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

முழங்கால் எந்த நாட்டிலும் முழங்கால்தான். இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் நாடு மாறினால் அவர் படித்த எலும்பும் தசையும் கூடவே வருகின்றன. பேச்சுச் சிகிச்சையாளருக்கு அந்த வசதி கிடையாது. எல்லையைக் கடந்ததும் அவர் சீராக்க வேண்டிய பொருளே மாறிவிடுகிறது. குழந்தை எந்த வயதில் எந்த ஒலியைப் பிடிக்கும், பக்கவாதம் வந்தவரின் வாக்கியம் எந்த இடத்தில் உடையும், என்ன சொன்னால் ஒரு தாய் மனம் புண்படுவாள் என்பதெல்லாம் மொழிக்கு மொழி வேறுபடும். அதனால்தான் ஒரு நாட்டில் படித்த ஸ்பீச் தெரபிஸ்ட் இன்னொரு நாட்டில் வேலை செய்யப் போகும்போது கேட்கப்படும் கேள்விகள் அதிகமாக இருக்கின்றன. நானும் அந்தக் கேள்விகளைக் கடந்து வந்தவள். பின்னர் அதே வழியில் வந்த பலருக்குக் கடிதங்களும் படிவங்களும் எழுத உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இன்று பேசுகிறேன்.

முதலில், கதவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பலர் இதிலேயே தவறிவிடுகிறார்கள். பிரிட்டனில் இந்தத் தொழிற்பெயர் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. எச்.சி.பி.சி. என்னும் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்வது குற்றம். அயர்லாந்தில் கோரு என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். ஒன்டாரியோவில் பதிவு செய்ய ஒரு கல்லூரி இருக்கிறது. 'கல்லூரி' என்றாலும் அது பாடம் நடத்தும் இடமல்ல, தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றம். கியூபெக் போனால் பிரெஞ்சு வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அரசுப் பதிவேடு என்று ஒன்று இல்லை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோன்ற சட்டப் பதிவு இந்தத் தொழிலுக்கு அங்கே கிடையாது. தொழிற்சங்கமே தகுதியை மதிப்பிடுகிறது. அரசுப் பதிவு இல்லையென்றால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. சங்கத்தின் சான்று இல்லாதவரை வேலைக்கு எடுப்பவர்கள் அரிது.

அமெரிக்காவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், குழப்பம் அங்கேதான் மிகுதி. ஐம்பது மாநிலங்களும் தனித்தனியே உரிமம் தருகின்றன. அதோடு ஆஷா என்று அழைக்கப்படும் தேசியச் சங்கம் தரும் தொழில் தேர்ச்சிச் சான்றிதழ் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழும். ஆஷா சான்றிதழுக்கு முதுகலைத் தரத்தில் படிப்பு வேண்டும். நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பை முடித்து நல்ல மருத்துவமனையில் பல ஆண்டு வேலை பார்த்த ஒருவர் இந்த ஒரு வரியில் தடுக்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே இளங்கலைப் பட்டத்தோடு அவர் பிரிட்டனுக்கு விண்ணப்பித்தால், பட்டத்தின் பெயரைவிடப் படிப்பின் உள்ளடக்கத்தையும் பட்டத்துக்குப் பிந்தைய அனுபவத்தையும் வைத்து எடைபோடுவார்கள். எந்த நாடு என்று முடிவு செய்யும் முன்பே இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆஷாவிடம் படிப்பு போதுமென்று ஏற்கப்பட்டாலும், மாணவப் பருவத்தில் மேற்பார்வையின் கீழ்ச் செய்த 400 மணி நேரக் களப் பயிற்சியைக் காட்ட வேண்டும். அதில் 25 மணி பார்த்துக் கற்றது, 375 மணி நோயாளியோடு நேரடியாகச் செய்தது. பிறகு பிராக்சிஸ் என்னும் தொழிலறிவுத் தேர்வு. 200-க்கு 162 எடுக்க வேண்டும். அதன்பின் 'கிளினிக்கல் ஃபெல்லோஷிப்', அதாவது சான்று பெற்ற ஒருவரின் வழிகாட்டலில் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேர வேலை. வெளிநாட்டிலிருந்து வேலை விசாவில் வருபவருக்கு இன்னொரு படியும் உண்டு. 1996-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் போலவே பேச்சுச் சிகிச்சையாளரும் தம் படிப்பு, உரிமம், ஆங்கிலத் திறன் மூன்றும் சரிபார்க்கப்பட்ட சான்றைக் கொண்டுவர வேண்டும்.

இத்தனையிலும் என்னை ஆறு மாதம் தூங்கவிடாமல் செய்தது தேர்வு அல்ல, அந்த மணிக்கணக்கு. நான் படித்த காலத்தில் பயிற்சி மணிகளை ஒரு லாக் புத்தகத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குவோம். படிப்பு முடிந்ததும் அதை நிறுவனத்தில் ஒப்படைத்துவிட்டோம். சில ஆண்டு கழித்து நான் பதிவுக்கு விண்ணப்பித்தபோது, எத்தனை மணி குழந்தைகளோடு, எத்தனை மணி பக்கவாத நோயாளிகளோடு, திக்குவாய்க்கு எவ்வளவு, குரல் கோளாறுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டார்கள். என் படிப்பு பேச்சையும் கேட்புத் திறனையும் ஒரே பட்டத்தில் சேர்த்துக் கற்பித்தது. பல நாடுகளில் இப்படித்தான். போகிற நாட்டிலோ இரண்டும் தனித்தனித் தொழில்கள். காது பரிசோதனைக் கூண்டுக்கு வெளியே நான் உட்கார்ந்த நூற்றுக்கணக்கான மணிகள் அந்த விண்ணப்பத்தில் ஒரு மணியாகக்கூட எண்ணப்படவில்லை. பேச்சு மணிகளையாவது பிரித்துத் தாருங்கள் என்று படித்த இடத்துக்கு எழுதினேன். பழைய பதிவேடுகள் கழிக்கப்பட்டுவிட்டன என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

என்னைக் காப்பாற்றியது ஓய்வுபெற்றுவிட்ட என் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு. எந்த மாணவி எந்தக் கிழமை யாரைப் பார்த்தாள் என்று ஒவ்வொரு மாலையும் எழுதிவைக்கும் பழக்கம் அந்த அம்மையாருக்கு இருந்தது. நோயாளிகளின் பெயர் இல்லை. வயதும் குறைபாடும் நேரமும் மட்டும். அதைப் பார்த்து மூன்று பக்கம் கையால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். இன்று படித்துக்கொண்டிருக்கும் மாணவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் இன்றிரவே தொடங்குங்கள். தேதி, வயதுப் பிரிவு, குறைபாடு, மதிப்பீடா சிகிச்சையா, எத்தனை நிமிடம், யார் மேற்பார்வை என்று எழுதுங்கள். அந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். ஆண்டுவாரியான பாடத்திட்டத்தையும் முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டங்கள் மாறும், துறைத் தலைவர்கள் மாறுவார்கள், நிறுவனத்தின் பெயரே மாறலாம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் தொழிற்சங்கங்கள் ஒன்றன் சான்றை மற்றொன்று அங்கீகரிப்பதாக ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அது சங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அரசு உரிமமோ பதிவோ விசாவோ அதனால் கிடைத்துவிடாது. 'ஒரு நாட்டில் நுழைந்துவிட்டால் ஆறு நாடும் திறக்கும்' என்று சொல்லிப் பணம் வாங்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மன்றமும் தன் விதிகளை யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. இரண்டு மாலை பொறுமையாக உட்கார்ந்தால் நீங்களே படித்து முடித்துவிடலாம்.

இனி மொழி. ஆங்கிலம் முதல்மொழியாக இல்லாதவர் பிரிட்டனில் பதிவு பெற, எச்.சி.பி.சி.யின் கீழ் வரும் மற்றத் தொழில்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையாமல் இருந்தால் போதும். பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்கு மட்டும் 8. எந்தப் பிரிவும் 7.5-க்குக் கீழே போகக் கூடாது. இது அநியாயம் என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரின் பேச்சில் எது பிழை, எது வழக்கு, எது வட்டாரம் என்று சொல்வதுதான் நம் வேலை. அளவுகோலையே கையில் பிடிக்கத் தெரியாதவர் எதை அளப்பார்?

ஆனால் அந்த மதிப்பெண் உச்சரிப்பின் வாடையை அளப்பதற்கல்ல. எந்த ஊர்ச் சாயலும் இல்லாத ஆங்கிலம் வேண்டும் என்று நினைத்து வாயை முறுக்கிக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆஷா 1998-லேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. பேச்சில் வேற்றுமொழிச் சாயல் இருக்கிறது என்பதற்காக யாரையும் இந்தத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது. தொழில் அறிவும், கோளாறைக் கண்டறிந்து கையாளும் திறனும், நோயாளிக்குக் கற்பிக்க வேண்டிய ஒலியையோ இலக்கணக் கூறையோ முன்மாதிரியாகச் செய்து காட்டும் திறனும் இருந்தால் போதும் என்பது அதன் நிலைப்பாடு. முன்மாதிரியாகச் செய்து காட்டுவது என்ற அந்தக் கடைசி நிபந்தனையில்தான் நான் வியர்த்தேன்.

நம் எழுத்தில் ஒரே ஒரு 'வ' இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலிகள். ஒன்றுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், மற்றொன்றுக்கு உதடுகள் குவிய வேண்டும். உள்சட்டையையும் மேற்குத் திசையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'வெஸ்ட்' ஆகிவிடும். புதிய நாட்டில் என் இரண்டாவது வாரம், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அந்தப் பல்லொலியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை அவன் அப்படியே திருப்பிச் சொன்னான். நான் பாராட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் அவன் போனபிறகு மெதுவாகச் சொன்னார்: "அவன் சரியாகத்தான் உங்களைப் பின்பற்றினான்." அன்றிரவு முகக்கண்ணாடி முன் உட்கார்ந்தேன். மூன்று வாரம் உட்கார்ந்தேன். என் பேச்சின் மற்றச் சாயல்கள் எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்த ஒலியைத் தேவைப்படும்போது பிசகாமல் செய்து காட்ட என்னால் இப்போது முடியும்.

இதே அறிவு மறுபக்கமாகவும் பயன்படுகிறது. ஊசியும் குப்பைத் தொட்டியும் ஆங்கிலத்தில் வெவ்வேறு ஒலியில் தொடங்கினாலும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்'. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை பள்ளியில் அவற்றைக் குழப்பினால் அது கோளாறு ஆகாது. ஆங்கிலம் மட்டும் பேசும் குழந்தைகளை வைத்து அளவுகள் வகுக்கப்பட்ட ஒரு சோதனை, அந்தக் குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாகக் காட்டிவிடக்கூடும். இரு மொழியையும் வாய்க்குள் உணர்ந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால், அந்தக் குழந்தை தேவையில்லாமல் சிகிச்சைப் பட்டியலில் ஏறாது. அதனால் விண்ணப்பத்தில் 'அறிந்த மொழிகள்' என்ற கட்டத்தைக் கூச்சத்தோடு நிரப்பாதீர்கள்.

விழுங்குதல் பற்றியும் சில வார்த்தைகள். வெளியில் பலருக்குத் தெரியாது. மருத்துவமனைகளில் பேச்சுச் சிகிச்சையாளரின் நாளில் பெரும்பகுதி, நோயாளி எதைப் பத்திரமாக விழுங்கலாம் என்று முடிவு செய்வதில் போகிறது. தவறினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். இந்தப் பயிற்சியின் ஆழம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், மதிப்பீட்டாளர்கள் குறைகாணும் இடங்களில் இதுவும் ஒன்று. உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச அளவுமுறை இப்போது பல நாடுகளில் புழங்குகிறது. புறப்படும் முன்பே அதைக் கரைத்துக் குடித்துவிடுங்கள். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தை வாசிக்கும் வாய்ப்பு எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். அந்த மணிகளையும் எழுதிவையுங்கள்.

பதிவு கிடைத்த முதல் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சு குலைந்த முதிய பெண்மணி ஒருவர் வார்டில் இருந்தார். தமிழ் மட்டுமே பேசுபவர். மொழிபெயர்ப்பாளரை வைத்து ஏற்கெனவே மதிப்பீடு முடிந்திருந்தது. 'வாக்கிய அமைப்பு பெரும்பாலும் சீராக உள்ளது' என்று கோப்பில் இருந்தது. நான் போய்ப் பேசினேன். "தம்பிக்குக் கூப்பிடு" என்றார். "வீட்டை இருக்கிறான்" என்றார். ஆங்கிலத்தில் இந்த நோய் வந்தால் சின்னச் சின்னச் சொற்கள் உதிர்ந்துபோகும். உருபுகள் செறிந்த மொழிகளில் ஓர் உருபின் இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். 'தம்பியை', 'வீட்டில்' என்று வர வேண்டிய இடங்களில் அவருக்கு நடந்தது அதுதான். மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர். உடைந்த வாக்கியத்தைக் கேட்டு, பொருளைப் புரிந்துகொண்டு, பழுதில்லாத ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். நோயின் அடையாளம் முழுவதும் அந்த நல்லெண்ணத்தில் மறைந்துபோனது.

கோப்பைத் திருத்தி எழுதினேன். வேற்றுமை உருபு என்றால் என்ன என்று தமிழே அறியாத மருத்துவருக்கு ஆங்கிலத்தில் விளங்கவைக்க ஒரு பக்கம் பிடித்தது. 8 மதிப்பெண் ஏன் கேட்டார்கள் என்று அன்றுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. மறுவாரம் சக சிகிச்சையாளர் ஒருவரும் நானும் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சிறு குறிப்புத்தாள் தயாரித்தோம். அதன் முதல் வரி: "நோயாளி தவறாகச் சொன்னால், தயவுசெய்து அந்தத் தவறையும் எங்களுக்குச் சொல்லுங்கள்."

வணக்கம்.