மூன்று நாள் வராத பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்பதுதான் எங்கள் பேச்சு. 1980-களின் கடைசியில் நான் ஆசிரியராகச் சேர்ந்தபோது, விடியுமுன்னே ஆபீஸ் பஸ்கள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும். தூக்குவாளியோடு ஏறியவர்களில் பலர் என் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் முதலாளிகளுக்குப் பயம் வந்தது, வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான். பஸ்ஸில் பிள்ளைகள் குறைந்தார்கள். வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. பள்ளி விட்டபின் குடும்பத் தொழிலில் உதவலாமே என்பார்கள். அந்தச் சட்டத்தின் 2016 திருத்தம் தந்த அந்தச் சலுகை ஆபத்தான தொழில்களுக்குக் கிடையாது. பட்டாசும் தீப்பெட்டியும் ஆபத்தான தொழில்களே.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து எழுதும்போது பார்த்தேன்: நகக்கண்களில் வெள்ளி போல் மின்னியது, பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடி. எத்தனை முறை கழுவினாளோ!

அன்று மாலையே கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவினர் அவள் வீட்டுக்குப் போனோம். ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர், நான். அப்பா தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏஜெண்டிடம் வாங்கிய அட்வான்ஸ், பிள்ளையின் உழைப்பில் கழிந்துகொண்டிருந்தது. அவரைத் திட்டி என்ன பயன்? உழைப்பை ஈடாக வைத்த கடன் செல்லாது என்று 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. அதை ஏஜெண்டிடம் சொல்லத் தலைவரே போனார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தகவல் கொடுத்தோம். வீட்டுச் செலவுக்கு மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்தது. அந்த உள்கடன் இல்லாவிட்டால், அடுத்த மாதமே அவள் வேறோர் ஆபீஸில் இருந்திருப்பாள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. பிள்ளையின் உடம்பில் கை வைத்தவனைப் பற்றித் தெரிந்தும், "பெண் பிள்ளை விஷயம், பேசி முடித்துவிடலாம்" என்று பெரியவர்கள் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். பெற்றோர் அஞ்ச வேண்டாம்: போலீஸார் சீருடையில்லாமல்தான் வந்து பிள்ளையிடம் கேட்க வேண்டும், வீட்டிலேயே வாக்குமூலம் கொடுக்கலாம், பிள்ளையின் பெயரை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் எங்கள் குழு வாரந்தோறும் கூடுகிறது. பள்ளியிலிருந்து வருகைப் பதிவேட்டின் விவரம் வரும். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே இரண்டு பேர் போவார்கள்.