தீபாவளி அக்டோபர்லயா நவம்பர்லயா: டேட்டாபேஸ் வளர்ச்சிக்கு நான் கணக்குப் போடுற விதம்

வணக்கம். பசியாறிட்டீங்களா? நான் இப்ப மலேசியாவுல, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல, லெபோ பாசார்ங்கிற கடைத்தெருவுல நிக்கிறேன். கடைங்க திறக்கிற நேரம், அதனால பின்னாடி கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கோங்க. வீட்டுல உக்காந்தே பேசியிருக்கலாம். ஆனா ஒரு கடையோட டேட்டாபேஸ் எவ்வளவு வளரும்னு கணக்குப் போடுற விஷயம் எனக்குப் புரிஞ்சதே இந்த மாதிரி ஒரு கடையிலதான்.

2023ல தீபாவளி நவம்பர் 12. அதுக்கு முந்தின வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம், நான் பாத்துக்கிற ஒரு மளிகைக் கடையில பில் போடுறது நின்னுபோச்சு. மூணு கிளைக்கும் ஒரே டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ்ங்கிற மென்பொருள்ல ஓடுது. டிஸ்க் நிறைஞ்சிடுச்சு. கவுண்டர்ல இருந்த அக்காமாருங்க பழைய பில் புக்கைத் தேடி எடுத்து கையால எழுதினாங்க. வரிசை வாசல் தாண்டி வெளியே நின்னுச்சு. அந்த டிஸ்க் பிப்ரவரி வரைக்கும் தாங்கும்னு முதலாளிகிட்ட எழுதிக் குடுத்தது நான். அந்த வரிசையில நின்னவங்க முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

நான் என்ன பண்ணியிருந்தேன்னா, மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் டிஸ்க் எவ்வளவு ஏறிச்சோ, அந்தக் கோட்டை அப்படியே நேரா நீட்டிவிட்டேன். அது ரெண்டு விதத்துல தப்பு. முதல்ல, அதெல்லாம் வியாபாரம் அமைதியா இருக்கிற மாசம். தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரத்துல அங்க பில் எண்ணிக்கை நாலு மடங்கு ஆகும். சரி, போன வருஷ அக்டோபரை எடுத்து இந்த வருஷ அக்டோபரோட ஒப்பிடலாமேன்னு கேப்பீங்க. அதுவும் சரியா வராது. 2022ல தீபாவளி அக்டோபர் 24, 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20, 2026ல நவம்பர் 8. நம்ம கடைக்கு மாசத்தைப் பாத்து ஒப்பிடக் கூடாது, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்னு பாத்து ஒப்பிடணும்.

ரெண்டாவது தப்புதான் பெருசு. எது வளருதுன்னே நான் பாக்கல. மொத்தத்தை மட்டும் பாத்தேன்.

இப்ப நான் பில்லுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு கிளைக்கு ஒரு நாளைக்கு 600 பில், மூணு கிளைக்கு 1,800. ஒரு பில்லுல சராசரி 8 சாமான். ஒரு சாமானுக்கு டேபிள்ல ஒரு வரி, அதைத்தான் ரோன்னு சொல்றோம். ஆக நாளைக்கு 14,400 ரோ. வருஷத்துக்கு 360 நாள் கடை திறந்தா 51,84,000, அதாவது அஞ்சு மில்லியனுக்குக் கொஞ்சம் மேல. ஒரு ரோ எவ்வளவு இடம் பிடிக்கும்? எண், விலை, தேதி எல்லாத்தையும் கையால கூட்டினா 60 பைட் வந்துச்சு. ஆனா போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு ரோவுக்கும் தன் பங்குக்குத் தலைப்பு 24 பைட், டேட்டா இருக்கிற பேஜுக்குள்ள அதோட இடத்தைக் காட்ட 4 பைட் சேக்கும். அதுக்கு மேல, சீக்கிரம் தேடி எடுக்கிறதுக்கான இண்டெக்ஸ் மூணு. அதனால கையால கூட்டுறதை விட்டுட்டேன். நிஜ டேட்டா உள்ள டேபிளை எடுத்து, இண்டெக்ஸோட சேத்து மொத்த அளவு கேட்டு, ரோ எண்ணிக்கையால வகுத்தேன். 160 பைட். வருஷத்துக்கு ஒரு ஜிபிகூட ஆகல!

தமிழ்ல பேர் வச்சிருக்கிறவங்க இதைக் கவனிங்க. 'மல்லித்தூள்' கண்ணுக்கு 6 எழுத்து. எழுத்தைக் கம்ப்யூட்டர்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணி 11 குறி, ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 33 பைட். அதையே மலாய்ல 'செர்புக் கெதும்பார்'னு ரோமன் எழுத்துல எழுதினா 15 பைட்தான். அதுக்காகத் தமிழை எடுத்துடாதீங்க, தயவுசெஞ்சு. வாடிக்கையாளர் படிக்கிற பில்லுல தமிழ் இருக்கணும். இங்கிலீஷ் பேரை வச்சுச் சோதிச்சுட்டு அந்த அளவை நம்பாதீங்க, அவ்வளவுதான் சொல்றேன்.

அப்போ டிஸ்க்கை நிறைச்சது எது? லாக் டேபிள். அந்த ஜூலையிலதான் சேத்தோம். சரக்கு ஒண்ணு குறைஞ்சா, முன்னாடி எப்படி இருந்துச்சு, பின்னாடி எப்படி ஆச்சுன்னு முழுசா எழுதி வைக்கும். ஒரு தடவைக்கு 1 கேபி. அதே 14,400, அதே 360 நாள், ஆனா வருஷத்துக்கு 5 ஜிபிக்கு மேல. பில்லை விட ஆறு மடங்கு! சின்ன டிஸ்க், அதுலயே தினசரி பேக்கப்பும் இருந்துச்சு. தாங்கல.

இன்னொண்ணு சொல்லணும், இது ரொம்ப முக்கியம். அந்தச் சனிக்கிழமை எச்சரிக்கை வந்தப்ப 2 ஜிபி மிச்சம் இருந்துச்சு. நான் அவசரத்துல லட்சக்கணக்கான பழைய லாக் ரோவை ஒரே அடியா அழிச்சேன். போஸ்ட்கிரெஸ் எதை அழிச்சாலும் அந்த அழிப்பையே முதல்ல டிஸ்க்ல எழுதி வைக்கும். டிஸ்க்ல பிடிச்ச இடம் குறையறதுக்குப் பதிலா ஏறிச்சு, மிச்சமிருந்த 2 ஜிபியும் போச்சு. அழிச்ச ரோவைத் துப்புரவு பண்ற சாதாரண வேக்யூம் ஓட்டினாலும் அழிச்ச இடம் பெரும்பாலும் அந்த டேபிளுக்குள்ளயேதான் மறுபடி பயன்படும், டிஸ்க்குக்குத் திரும்பி வராது. முழு வேக்யூம் ஓட்டினா வரும். ஆனா அது டேபிளைப் புதுசா இன்னொரு பிரதி எழுதும், அதுக்கும் இடம் வேணுமே. அதனால இப்ப எந்தக் கணக்குப் போட்டாலும் பெரிய டேபிள் எவ்வளவோ அவ்வளவு காலியிடம் தனியா ஒதுக்கிடுறேன்.

எத்தனை வருஷம் வச்சிருக்கணும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, முதலாளிகிட்ட கேளுங்க. பில் எல்லாம் வருமான வரிக்காக 7 வருஷம் இருக்கணும், மலேசியாவுல அது சட்டம். லாக் 18 மாசம் போதும்னு எங்க முதலாளி சொன்னாரு. அதை மாசம் மாசமா தனித்தனிப் பகுதியாப் பிரிச்சு வச்சோம். பழைய மாசத்தை அப்படியே கழட்டி எறிஞ்சா இடம் உடனே டிஸ்க்குக்குத் திரும்புது.

அப்புறம் இ-இன்வாய்ஸ், அதாவது அரசாங்கம் கொண்டுவந்த மின்-பில் முறை. 2024 ஆகஸ்ட் 1ல பெரிய நிறுவனங்களுக்கு ஆரம்பிச்சு, படிப்படியா மத்தவங்களுக்கும் வந்துச்சு. ஒவ்வொரு இன்வாய்ஸும் எக்ஸ்எம்எல் இல்லன்னா ஜேசன் வடிவத்துல ஒரு கோப்பு. பழைய கோட்டை எவ்வளவு நீட்டினாலும் இது அதுல தெரியாது. அதனால ஒவ்வொரு மாசமும் முதலாளிகிட்ட ஒரே கேள்வி கேக்குறேன்: "அடுத்த வருஷம் புதுசா என்ன செய்யப் போறீங்க?" போன தடவை நாலாவது கிளை பத்திச் சொன்னாரு. அன்னைக்கே 600 பில்லைக் கூட்டிட்டேன்.

இன்னைக்கு மாசத்து முதல் திங்கள், டேபிள் டேபிளா அளவு எடுக்கிற நாள். ஷட்டர் தூக்கிட்டாங்க. உள்ள போறேன்.