சுவடு அணிக்காகப் பேசியது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பொருளை உணர்த்துவதில் முந்தி நிற்பது உருவமா, சுவடா, சொல்லா என்பதுதான் கேள்வி. குறிகளை இப்படி மூன்றாகப் பிரித்தவர் சார்லஸ் பியர்ஸ், 1914இல் மறைந்த அமெரிக்கத் தத்துவ அறிஞர். ஒன்றைப் போலவே இருந்து அதைக் காட்டினால் அது உருவக்குறி. ஒன்று பட்டுப் போன தடமோ, அதனால் விளைந்த விளைவோ என்றால் சுட்டுக்குறி, அதைத்தான் நாங்கள் சுவடு என்கிறோம். நாலு பேர் கூடி இதற்கு இதுதான் அர்த்தம் என்று பழகிக்கொண்டது மரபுக்குறி, சொல் அந்த வகை. மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வாக்குச்சாவடிக்குப் போனால் போதும். இயந்திரத்தில் வேட்பாளர் பெயர் இருக்கிறது, அது சொல். பக்கத்தில் சின்னம், எழுத்துத் தெரியாதவரும் ஓட்டுப் போட வேண்டும் என்று 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே வந்தது. உருவ அணி அதைத் தங்களுடையது என்றார்கள். அந்தத் தேர்தலில் காங்கிரசுக்கு இரட்டைக் காளைச் சின்னம். படம் காளையைக் காட்டும், சரி, கட்சியைக் காட்டியது படமா, ஜனங்களின் பழக்கமா? அப்புறம் வெளியே வரும்போது சுட்டுவிரலில் மை. பெயரும் படமும் யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லும். இவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று சொல்ல அந்த மைதான் வேண்டும்.

இன்னும் நாலைந்து குறிப்பு வைத்திருந்தேன். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, சொல் அணியில் கடைசியாகப் பேசிய அண்ணனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். "தடம் பார்த்துப் போவது நாயின் வேலை, பேசிப் புரிந்துகொள்வதுதான் மனுஷனுக்கு அழகு" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். எனக்கு வலித்தது.

அண்ணே, நம் செங்கல்பட்டுப் பக்கம் இருளர் மக்கள் இருக்கிறார்கள். மண்ணில் வளைந்து போகும் ஒரு கோடு, புதரில் சிக்கிய பாம்புச் சட்டை, வளை வாயில் மண் வழவழப்பாகக் கிடக்கும் விதம், இதையெல்லாம் பார்த்துப் பாம்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பவர்கள். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்க 1978இலிருந்து கூட்டுறவுச் சங்கமே நடத்துகிறார்கள். அந்த மக்களில் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால். 2017இல் அவர்களை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டார்கள். ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு பெருகி, முயலும் ரக்கூன் என்கிற சிறு காட்டு விலங்கும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பாம்பைக் கண்டுபிடிப்பதே அங்கே பெரும்பாடாக இருந்தது. இவர்கள் இறங்கிய முதல் 8 நாளில் 13 மலைப்பாம்பு! பின்வரிசைக்குக் கேட்டதா, 8 நாளில் 13. அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு, பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் கிடந்தது. அது வேற்று நாடு, வேற்று மண். அந்த ஊர்க்காரர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே போக வேண்டியிருந்தது. பாம்பின் தடத்தைப் படிக்க? அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை அண்ணே! சென்னையை ஒட்டிய மண்ணில் படித்த அதே எழுத்தை அட்லாண்டிக் கரையில் படித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இது நாயின் வேலையா? சபையோரே, இப்போது தட்டுங்கள்.

உருவ அணித் தங்கை போட்டோவைப் பற்றி உருக்கமாகப் பேசினாய் அம்மா. போட்டோ உருவத்தைக் காட்டுவது உண்மைதான், ஆனால் எதிரே நின்ற ஆளின் மேல் பட்ட வெளிச்சம் வந்து விழுந்து பதிந்ததால்தான் அது போட்டோ. பியர்ஸே அதைச் சுட்டுக்குறியோடும் சேர்த்திருக்கிறார்.

நீ போட்டோவைச் சொன்னதால் எங்கள் வீட்டைச் சொல்கிறேன். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. கூடத்தில் மாலை போட்ட படம் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்தது, விறைப்பாக நிற்பார், எனக்கு அதில் அப்பா தெரிவதில்லை. நிலப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. திண்ணைச் சுவரில் ஒரு கறை இருக்கிறது, உள்ளங்கை அகலம். தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அங்கே சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். முப்பது வருஷத்து எண்ணெய், நடுவில் கறுப்பு, ஓரத்தில் மஞ்சள். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். முதலில் அதைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது என்று தகட்டை எடுத்தார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார், கையெல்லாம் மாவு. "அந்த இடத்த விட்டுட்டு அடிப்பா." அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது சுவர் முழுக்க வெள்ளை, நடுவில் அது மட்டும் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா திண்ணையில் வந்து உட்காருவார். கறைக்கு நேரே உட்கார மாட்டார். தன் தலை பட்டு அழிந்துவிடக் கூடாது என்று ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவார்.

நன்றி, வணக்கம்.