கிராஃபீனுக்கு அடியில் இருக்கும் செம்பு

அன்பர்களே, கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். அதன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒட்டும் டேப் கதையைத்தான் சொல்கிறார்கள். மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலவும் கிராஃபைட்டிலிருந்து டேப்பால் உரித்தெடுத்து 2004இல் அறிவித்தார்கள். 2010இல் நோபல் பரிசு. நல்ல கதைதான். ஆனால் அப்படி உரித்தது நுண்ணோக்கியில் தேடிப் பிடிக்க வேண்டிய துணுக்கு. சாண் அகலத்துக்கு வேண்டுமென்றால் ஓர் உலோகத் தாள்மேல் வளர்த்தாக வேண்டும். அந்த வேலையில் பெருமை கிராஃபீனைவிட அடியிலுள்ள உலோகத்துக்கே சேரும் என்பது என் கட்சி.

2009இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராட்னி ருவாஃபின் குழு, செம்புத் தாளை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி மீத்தேனையும் ஹைட்ரஜனையும் செலுத்தியது. மீத்தேன் சிதைந்தது, கார்பன் பரப்பிலேயே தங்கியது. நிக்கலாக இருந்தால் கார்பனைக் கரைத்து விழுங்கிவிட்டு, ஆறும்போது கண்டபடி கக்கும்: ஓரிடத்தில் ஓரடுக்கு, பக்கத்திலேயே பல அடுக்கு. செம்பு கார்பனை உள்ளே விடுவதே அரிது. பரப்பு மூடியதும் மீத்தேனைச் சிதைக்க வெற்றுச் செம்பு இருக்காது. வளர்ச்சி தானாக நின்றுவிடும்.

இவ்வளவு சுலபமா? இல்லை. விலைக்குக் கிடைக்கும் செம்புத் தாளின் பளபளப்பு கண்ணுக்கு மட்டும்தான். உருளைகளுக்கு இடையே நசுக்கித் தயாரிப்பதால் நெடுகக் கீறல்கள். அந்தக் கீறல்களில் கார்பன் சுலபமாகக் கூடும். ஒவ்வொரு கூட்டமும் தனிப் படிகமாகும். ஆளுக்கொரு திசையில் வளர்ந்து முட்டிக்கொள்ளும் எல்லைகளில் எலெக்ட்ரான் தடுமாறும். அதனால் தாளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி மேடுகளைக் கரைக்கிறார்கள். மெருகு மட்டும் போதாது. தாள் முழுவதும் ஒரே படிகமாகி, அணுக்கள் அறுகோணமாய் அடுக்கிய முகத்தைக் காட்ட வேண்டும். அப்போதுதான் கிராஃபீன் தீவுகள் ஒரே திசை பார்த்து வளர்ந்து பிசிறில்லாமல் இணையும்.

பிறகும் ஒரு தொல்லை: ஆறவைப்பது. உலோகம் சுருங்கும், கிராஃபீன் சுருங்காது. நனைந்து சுருங்கிய துணிமேல் ஒட்டிய காகிதம்போல மடிப்பு விழும். 2021இல் அதே ருவாஃப், இம்முறை தென்கொரியாவின் உல்சானிலிருந்து, தம் குழுவுடன் விடை சொன்னார். செம்பும் நிக்கலும் கலந்த ஒற்றைப் படிகத் தாளில் 1030 கெல்வினுக்கு மேல் வளர்க்கத் தொடங்கினால், பரப்பிலுள்ள அணு உயரப் படிக்கட்டுகள் கொத்தாகத் திரண்டு மடிப்புக்கு இடம் கொடுக்கின்றன. மீத்தேனுக்குப் பதில் எத்திலீனைச் செலுத்தி, 1000 முதல் 1030 கெல்வினுக்குள் வளர்த்தார்கள். அதாவது சுமார் 750 டிகிரி செல்சியஸ். பழைய உலையைவிட 250 டிகிரி குறைவு. கிடைத்தது மடிப்பே இல்லாத ஓரடுக்கு, அதுவும் ஒற்றைப் படிகமாக. அதைக் கிழியாமல் உலோகத்திலிருந்து பிரிப்பது வேறு தலைவலி; கேள்வி நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.