‘எல்.ஏ. நுவார்’ நம்மைத் துப்பறிய விடுகிறதா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘எல்.ஏ. நுவார்’ என்ற வீடியோ விளையாட்டு தன்னை ஆடுபவரைத் துப்பறிவாளராக்குகிறதா, பார்வையாளராகவே உட்கார வைத்துவிடுகிறதா என்பது இன்று நம் முன் உள்ள கேள்வி. பார்வையாளராகவே உட்கார வைக்கிறது என்ற அணியில் நான் பேசுகிறேன். இந்த விளையாட்டை மூன்று முறை முழுமையாக ஆடி முடித்தவன் நான். அதன்மேல் உள்ள பிரியம்தான் என்னை இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறது.

எதிரணித் தலைவர் முகங்களைப் பற்றிப் பேசினார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. 32 கேமராக்கள் சூழ நடிகர்களை அமர்த்தி, உதட்டின் துடிப்பையும் தாழும் இமையையும் அப்படியே பதிவுசெய்து 2011-இல் இதை உருவாக்கியவர்கள் திரைக்குக் கொண்டுவந்தபோது, பொய் சொல்பவரின் முகத்தையே தடயமாக வாசிக்கலாம் என்ற எண்ணம் எங்களையெல்லாம் கட்டிப்போட்டது. 1947-இன் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களும், போரிலிருந்து திரும்பிக் காவல் துறையில் சேரும், நாம் இயக்கும் நாயகன் கோல் ஃபெல்ப்ஸும் இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் முகம் பேசுவது வேறு, அதைக் கேட்டு நாம் முடிவெடுப்பது வேறு.

போக்குவரத்துப் பிரிவில் ஒரு வழக்கு வருகிறது. ரத்தம் தோய்ந்த கார் ஒன்று கேட்பாரற்று நிற்கிறது, உரிமையாளரைக் காணவில்லை. தேடினால், உயிருள்ள பன்றி வாங்கியதற்கான ரசீது கிடைக்கிறது. இது கொலையே அல்ல, மனைவியை விட்டு ஓடிப்போக ஒருவர் ஆடிய நாடகம் என்பதை அந்த ஒரு தாளிலிருந்து நாமே ஊகிக்கலாம்; எவ்வளவு அழகான தடயம்! ஆனால் அதன் அருகே போனதுமே கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி அதிர்கிறது. இடத்திலுள்ள தடயங்கள் எல்லாம் கிடைத்துவிட்டால் பின்னணி இசை ஓய்கிறது. கண்டுபிடித்தது நானா, அந்த அதிர்வா? அவற்றை அணைத்துவிடலாமே என்று எதிரணி சொல்லும். அணைத்துவிட்டுத் தடயங்களைத் தவறவிட்டாலும், விசாரணையில் பாதிக் கேள்விகளைத் தவறாகக் கையாண்டாலும், மதிப்பெண் குறையுமே தவிரக் கதை பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது.

விசாரணையில் ‘உண்மை’, ‘சந்தேகம்’, ‘பொய்’ என மூன்று தெரிவுகள் உண்டு. சற்றே ஐயப்பட்டு ‘சந்தேகம்’ என்று நான் அழுத்தினால், ஃபெல்ப்ஸ் எதிரே இருப்பவரை மிரட்டிக் கத்துகிறார். என் எண்ணம் ஒன்று, அவர் வாய் வேறு. 2017 மறுவெளியீட்டில் இவற்றை ‘நல்ல போலீஸ்’, ‘கெட்ட போலீஸ்’, ‘குற்றச்சாட்டு’ என்று மாற்றினார்கள். முந்தைய பெயர்கள் ஆடுபவரைத் தவறாக வழிநடத்தின என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி என்னை உண்மையிலேயே வருத்திய இடம், கொலைப் பிரிவு. அதில் ஒரு வழக்கின் முடிவில் இறந்த பெண்ணின் கணவர் ஹியூகோ மொல்லர், எலை ரூனி என்ற இருவரில் ஒருவர்மேல் குற்றம் சாட்ட வேண்டும். நான் குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். தடயங்கள் யாரோ கொண்டுவந்து வைத்தவை போல இருந்தன. ஃபெல்ப்ஸுக்கும் அந்த ஐயம் எழுகிறது. ஆனால் அதை வைத்து நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இருவரில் ஒருவரை உள்ளே தள்ளினால்தான் ஆட்டம் நகரும். பல வழக்குகள் கழித்து, கொன்றவர் இருவருமே அல்லர், வேறொருவர் என்று விளையாட்டே அறிவிக்கிறது.

அதிகாரம் உண்மையை மூடி மறைக்கும் காலத்தின் கதை இது, ஆகவே அந்த இயலாமைதான் இதன் கருப்பொருள் என்று எதிரணியினர் வாதிட்டார்கள். நல்ல வாதம்தான். ஆனால் இயலாமையை நான் உணர வேண்டுமென்றால், முதலில் நான் உண்மையைச் சொல்ல முயன்றிருக்க வேண்டும். மேலதிகாரி அதைத் தள்ளியிருக்க வேண்டும். இங்கே நான் வாய் திறக்கவே இடமில்லை.

துப்பறிய விடுவது எப்படி என்பதற்கு 2018-இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற விளையாட்டு சான்று. 1807-இல் ஆளின்றித் திரும்பிய கப்பலில் 60 பேரின் பெயரையும் முடிவையும் நாமே ஏட்டில் நிரப்ப வேண்டும். மூவரைச் சரியாக எழுதினால்தான் விளையாட்டு அதை உறுதிசெய்யும். அங்கே முகங்கள் வெறும் புள்ளிகளால் ஆனவை. 32 கேமராக்கள் இல்லை.

நடுவர் அவர்களே, மொல்லர், ரூனி என்ற அந்த இரண்டு பெயர்களுக்கும் கீழே ‘இவர்கள் இருவரும் அல்லர்’ என்று மூன்றாவதாக ஒரு வரி இருந்திருந்தால், நான் இன்று எதிரணி மேடையில் உட்கார்ந்திருப்பேன்.