தோல்வியிலிருந்து தொடங்கும் வரிசை

(சிங்கப்பூர் தோ பாயோவில் உள்ள ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

1969ஆம் ஆண்டு மையாமியில் ஒரு விசித்திரமான படப்பிடிப்பு நடந்தது. ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோ உடம்பை இளைத்துத் தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டிருந்த முகமது அலி எதிரே நின்றார். இருவரும் ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பல சுற்றுகள் பொய்ச்சண்டை போட்டுக் கொடுத்தார்கள். இருவருடைய பலம், பலவீனம் எல்லாவற்றையும் எண்களாக்கி ஒரு கணினிக்குக் கொடுத்து, அது சொன்ன தீர்ப்பின்படி படத்தைத் தொகுத்து 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அமெரிக்க ரசிகர்கள் பார்த்த படத்தில் 13ஆவது சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். மார்சியானோ எந்தப் பிரதியையும் பார்க்கவில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துபோனார்.

ஹெவிவெயிட் என்னும் மிகக் கனமான பிரிவின் குத்துச்சண்டை வீரர்களில் தலைசிறந்தவர் யார் என்று கோப்பிக்கடையில் நடக்கும் வாதமும் ஏறக்குறைய இந்தக் கணினியின் தீர்ப்பைப் போன்றதுதான். யார் பார்க்கிறார்களோ அவர்களுக்கு ஏற்ற முடிவு கிடைத்துவிடும். இருவரைக் கற்பனையில் மோதவிட்டு வரிசை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்சியானோ தம் உச்சத்தில் சுமார் 85 கிலோதான் இருந்தார். ஜோ லூயிஸ் தம் புகழ்பெற்ற சண்டைகளில் 90 கிலோவை ஒட்டியே நின்றார். இன்றைய விதிப்படி இவர்கள் இருவரும் அதைவிட எடை குறைந்த குரூசர்வெயிட் பிரிவில் ஆட வேண்டியவர்கள். 2002இல் மைக் டைசனை வீழ்த்திய லென்னக்ஸ் லூயிஸோ 113 கிலோ. (இடையில் ஒன்று: 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் நமக்கு வெண்கலம் வாங்கித் தந்த சையது அப்துல் காதிரின் எடைப் பிரிவு 48 கிலோ. லென்னக்ஸ் லூயிஸ் அவரைப்போல் இரண்டு பேருக்கும் மேல்.) ஆகவே யார் யாரை அடித்திருப்பார் என்பதை நான் கேட்கப்போவதில்லை. ஒருவர் தம் காலத்தின் மிகச் சிறந்தவர்களைச் சந்தித்தாரா, தோற்றபோது அந்தத் தோல்வியை என்ன செய்தார் என்ற இரண்டு கேள்விகளையே கேட்கப்போகிறேன்.

ஜோ லூயிஸை எடுத்துக்கொள்வோம். 1936 ஜூன் 19 அன்று, ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாவது சுற்றில் சாய்த்தார். அது தற்செயல் அன்று. லூயிஸ் இடது கையால் ஜாப் என்னும் நேர்க்குத்தைப் போட்டுவிட்டுக் கையை முகத்துக்குத் திருப்பாமல் சற்றே தாழ்த்திக்கொண்டு இழுப்பார். அந்த நேரத்தில் அவருடைய இடது கன்னம் காவலில்லாமல் இருக்கும். ஷ்மெலிங் அதைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் வலது கையைத் திரும்பத் திரும்ப இறக்கினார். மறு ஆண்டே லூயிஸ் பிராடாக்கை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். ஆனால் ஷ்மெலிங்கை வெல்லாதவரை தம்மைச் சாம்பியனாக அவரே கருதவில்லை. 1938 ஜூன் 22 அன்று, யாங்கி அரங்கில், 124 வினாடிகளில் கணக்கைத் தீர்த்தார். ஷ்மெலிங் கயிற்றோடு ஒட்டி உடம்பைத் திருப்பியபோது முதுகுப் பக்கம் விழுந்த ஒரு குத்துக்கு அவர் வாய்விட்டு அலறியதை முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அதன் பிறகு 1949இல் ஓய்வை அறிவிக்கும்வரை லூயிஸ் பட்டத்தை இழக்கவே இல்லை. இருபத்தைந்து முறை தக்கவைத்தார். அந்தச் சாதனையை இன்றுவரை எந்த ஹெவிவெயிட் வீரரும் எட்டவில்லை.

அப்படியிருந்தும் நான் லூயிஸை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். அவர் சந்தித்தவர்களில் பலர் எளிய எதிராளிகள் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளே கேலி செய்தன. முகமது அலியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

என் சித்தப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அலியும் ஜோ பக்னரும் மோதியபோது, லீவு போட்டுவிட்டுத் தஞ்சோங் பகாரில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய கதை சொல்வார் என்று வீட்டில் எல்லாரும் காத்திருந்தோம். "என்னத்தச் சொல்ல, தம்பி. பதினஞ்சு ரவுண்டும் புழுக்கத்துல நடந்தானுங்க. அடிச்சத விட நடந்ததுதான் ஜாஸ்தி" என்று முடித்துவிட்டார். புள்ளிக் கணக்கில் அலி வென்ற அந்தச் சண்டையை இன்று யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. ஆனால் சரியாக மூன்று மாதம் கழித்து அதே அலிதான் மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு பதினான்கு சுற்று நின்றார். இரு கண்களும் வீங்கி எதிராளி தெரியாமல் போன ஃபிரேசியரை, பதினைந்தாவது சுற்றுக்கு விட மறுத்து, அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். சித்தப்பா பார்த்த அலியும் மணிலா பார்த்த அலியும் ஒருவரே என்பதில்தான் அவருடைய பெருமையும் குறையும் சேர்ந்து இருக்கின்றன.

1967 வரை அலியிடம் இருந்தவை கால்கள். மூன்றரை ஆண்டுக் கட்டாய இடைவெளிக்குப் பிறகு அந்தக் கால்கள் திரும்பவில்லை. 1971இல் ஃபிரேசியரிடமும் 1973இல் கென் நார்ட்டனிடமும் தோற்றார். நார்ட்டன் தாடையையே உடைத்துவிட்டார். இருவரையும் பின்னர் வென்றார். இதற்கு மேலாக 1974 அக்டோபர் 30 வருகிறது. ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் விடியற்காலை நான்கு மணியளவு. அன்றைய நம் கடிகாரத்தில் காலை பத்தரை. ஜார்ஜ் ஃபோர்மன் 40 சண்டைகளில் தோல்வியே காணாதவர், அவற்றில் 37 நாக்அவுட்; அலியை வீழ்த்திய ஃபிரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளில் முடித்தவர்.

முதல் சுற்றில் அலி செய்ததைக் கவனியுங்கள். இடது காலை முன்வைத்து நிற்பவரின் வலது கை எதிராளியை எட்ட அதிகத் தூரம் போக வேண்டும், ஆகவே இடது ஜாப் இல்லாமல் நேராக வலது கையை வீசுவது ஆபத்து. அலி அதையே திரும்பத் திரும்ப வீசினார், ஃபோர்மன் திகைத்தார். இரண்டாவது சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கைகளால் மூடி, வயிற்றிலும் தோளிலும் அடிகளை வாங்கினார். எட்டாவது சுற்றில் ஃபோர்மனின் கைகள் கனத்துவிட்டன. ஓர் இடது, ஒரு வலது. அந்தப் பெரிய உடம்பு சுழன்றபடி சரிந்தது. சரிகிறவர் மேல் போட இன்னொரு வலதை அலி ஓங்கிவைத்திருந்தார், போடாமலே விட்டார். முதலிடம் அவருக்கே. 1976இல் நார்ட்டனுடனான மூன்றாவது சண்டையில் நடுவர்கள் அவருக்குச் சாதகமாக நடந்துகொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். அதைக் கழித்த பிறகும்.

மூன்றாம் இடத்தில் லாரி ஹோம்ஸை வைப்பது பலருக்குப் பிடிக்காது. இருபது முறை பட்டத்தைத் தக்கவைத்தவர். 1979இல் எர்னி ஷேவர்ஸின் குத்தில் ஏழாவது சுற்றில் தரையோடு கிடந்து, எழுந்து, பதினோராவது சுற்றில் வென்றவர். அலிக்கு அடுத்து வந்ததுதான் அவர் செய்த ஒரே குற்றம். நான்காவது ஃபோர்மன்: இருபது ஆண்டு கழித்து, 45 வயதில், கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டையோடு வந்து மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் சாய்த்தார். ஐந்தாவது லென்னக்ஸ் லூயிஸ். தம்மை வீழ்த்திய மெக்காலையும் ரஹ்மானையும் திரும்பச் சந்தித்து வென்றவர்.

ஆறாவதுதான் மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி. ஆனால் அவரிடம் விழுந்த ஜோ லூயிஸுக்கு வயது 37, வால்கட்டுக்கு 38. அதே வால்கட் சண்டையில் முதல் சுற்றில் தரையில் விழுந்து, பன்னிரண்டு சுற்றுவரை மூன்று நடுவர் கணக்கிலும் பின்தங்கி, பதின்மூன்றாவதில் ஒரு குறுகிய வலது குத்தால் ஆட்டத்தையே முடித்தாரே, அதனால்தான் ஆறாம் இடமாவது. ஏழாவது ஜாக் ஜான்சன். 1908இல் சிட்னியில் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். ஆனால் சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை. எட்டு, ஒன்பது ஃபிரேசியரும் ஹோலிஃபீல்டும். 2024இல் தம்மைவிட மிகவும் கனமான டைசன் ஃபியூரியை இருமுறை வென்ற உக்ரேனியர் உசிக்கை, அவருடைய கணக்கு முழுதாக முடிந்தபின்தான் வைப்பேன்; மிக மேலே வரலாம்.

பத்தாவது மைக் டைசன். 20 வயதில் சாம்பியன், 1988இல் ஸ்பிங்ஸை 91 வினாடிகளில் முடித்தவர். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்து, தரையில் தவழ்ந்து வாய்க்கவசத்தைத் தேடிய அந்தப் படம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தோல்வியை அவர் திருத்தவே இல்லை. டக்ளஸை மறுபடி சந்திக்கவில்லை, ஹோலிஃபீல்டிடம் இருமுறை தோற்றார். இரண்டாம் முறை காதைக் கடித்தார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிகள் டைசனுக்காகப் பேச வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் சட்டையிலேயே தெரிகிறது. மைக்கை முதலில் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.